சேவை வழங்குநர் ரவுட்டரில் ஓபன்ஃப்ளோ இயக்க முறைகளை அமைத்துச் சோதித்த அனுபவப் பதிவு

ஒரு வாடிக்கையாளரின் முகவரியைக் குறிவைத்து வரும் தாக்குதல் டிராஃபிக்கை மட்டும் பிரித்தெடுத்து, வடிகட்டும் சாதனத்துக்கு ரவுட்டரிலிருந்தே திருப்பிவிட ஓபன்ஃப்ளோ உதவுமா என்று பார்ப்பதே இந்தச் சோதனையின் நோக்கம். ஓபன்ஃப்ளோ என்பது, பாக்கெட்டுகளை எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகளை கன்ட்ரோலர் எனப்படும் வெளி மென்பொருள் ஒன்று ஸ்விட்சுக்கோ ரவுட்டருக்கோ அனுப்ப உதவும் நெறிமுறை; அந்த விதி ஒவ்வொன்றும் ஒரு ஃப்ளோ. இதற்காக சிஸ்கோ ஏஎஸ்ஆர் 9000 வரிசை ரவுட்டர் ஒன்றை ஆய்வகத்தில் வைத்து, அதில் உள்ள ஓபன்ஃப்ளோ இயக்க முறைகளை ஒவ்வொன்றாக அமைத்துப் பார்த்தோம். இதே வேலையில் இறங்குபவர்களுக்குக் கட்டளைகளை விட ஒரு முடிவுதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்: எந்தப் பாக்கெட்டுகள் கன்ட்ரோலரின் ஆளுகைக்கு உட்பட்டவை, கன்ட்ரோலர் இல்லாமல் போனால் அந்தப் பாக்கெட்டுகளுக்கு என்ன நேர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதல் ஃப்ளோவை எழுதுவதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும். இயக்க முறையைத் தேர்ந்தெடுப்பது அந்த விடையின் ஒரு பகுதிதான்.

ஓபன்ஃப்ளோ 2008-இல் ஸ்டான்ஃபோர்டில் முன்வைக்கப்பட்டபோது பல்கலைக்கழக வளாக வலையமைப்புகளே அதன் இலக்காக இருந்தன. 2009 இறுதியில் 1.0 பதிப்பும், 2012-இல் 1.3 பதிப்பும் வந்தன. நாங்கள் பயன்படுத்தியது 1.3. இந்தத் தரம் ஸ்விட்சுகளை இரு வகையாகப் பிரிக்கிறது. எல்லாப் பாக்கெட்டுகளையும் ஃப்ளோ அட்டவணைகளின்படி மட்டுமே கையாளும் ஸ்விட்சுகள் ஒரு வகை. ஃப்ளோ அட்டவணைகளோடு சேர்த்து வழக்கமான ஸ்விட்சிங், ரவுட்டிங் வேலைகளையும் செய்யும் கலப்பு ஸ்விட்சுகள் மற்றொரு வகை. சேவை வழங்குநரின் விளிம்பு ரவுட்டரில் பாதை கண்டறிந்து பாக்கெட்டுகளைக் கடத்தும் வழக்கமான நெறிமுறைகளான பிஜிபி, ஐஎஸ்-ஐஎஸ், எம்பிஎல்எஸ் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கன்ட்ரோலரிடம் ஒப்படைக்க எந்த வழங்குநரும் முன்வர மாட்டார். எனவே இத்தகைய ரவுட்டரில் கலப்பு முறை ஒன்றே நடைமுறைக்கு ஏற்றது. பெட்டிக்குள் ஒரு தர்க்க ஸ்விட்சை உருவாக்கி, குறிப்பிட்ட ஒரு பிரிட்ஜ் டொமைனையோ (ஈதர்நெட் அளவில் ஒன்றாக இணைந்த இன்டர்ஃபேஸ்களின் குழு) விஆர்எஃப்பையோ (ரவுட்டருக்குள் தனி ரவுட்டிங் அட்டவணை கொண்ட பகுதி) அதனோடு இணைக்கிறோம். அந்த எல்லைக்கு வெளியே உள்ள எதையும் ஓபன்ஃப்ளோ தொடுவதில்லை.

அந்தத் தர்க்க ஸ்விட்சை உருவாக்கும் வரியிலேயே பைப்லைன் எண் கேட்கப்படும். இயக்க முறையைத் தீர்மானிப்பது அந்த எண்தான். 129 என்பது இரண்டாம் அடுக்குத் தலைப்புகளை, அதாவது ஈதர்நெட் தலைப்புகளை, மட்டும் பார்க்கும் முறை. 130 இரண்டாம் அடுக்கோடு ஐபிவி4 தலைப்பையும் சேர்த்துப் பார்க்கும். 131 மூன்றாம் அடுக்கில், அதாவது ஐபி அடுக்கில், ஐபிவி4 மட்டும். 132 மூன்றாம் அடுக்கில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும். எல்லாவற்றையும் பார்க்கும் முறையையே எப்போதும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பொருத்திப் பார்க்கும் புலங்கள் வன்பொருளில் டிகேம் எனப்படும் நினைவகத்தில் அமர்கின்றன. ஐபிவி6 முகவரி ஒன்றே 128 பிட் என்பதால் அகலமான பதிவு அதிக இடத்தைப் பிடிக்கும். அதே நினைவகத்தை அணுகல் பட்டியல்களும் சேவைத் தரக் கொள்கைகளும் பங்குபோடும் பெட்டிகளில் இந்த வேறுபாடு விரைவில் கண்ணுக்குத் தெரியும்.

ஆய்வகத்தில் ரவுட்டரின் இரு பக்கமும் ஒவ்வொரு லினக்ஸ் கணினி, வடிகட்டும் சாதனத்தின் இடத்தில் மூன்றாவது லினக்ஸ் கணினி, நான்காவதில் ரியூ கன்ட்ரோலர் என்று வைத்துக்கொண்டோம். கன்ட்ரோலருக்கான பாதை நிர்வாக இன்டர்ஃபேஸ் வழியாகத் தனியே சென்றது. இதில் சமரசம் செய்யவே கூடாது. கன்ட்ரோலர் ஆளும் இன்டர்ஃபேஸ் வழியாகவே கன்ட்ரோலரின் இணைப்பும் சென்றால், பிழையான ஒரே ஒரு ஃப்ளோ அந்த இணைப்பை அறுத்துவிடும். பிறகு அந்த ஃப்ளோவை நீக்கச் சொல்லும் செய்தி ரவுட்டரை வந்தடைய வழியே இருக்காது. டிசிபி போர்ட்டைப் பொறுத்தவரை, பழைய மென்பொருள்கள் 6633-ஐயும், 2013-க்குப் பின் வந்தவை முறைப்படி ஒதுக்கப்பட்ட 6653-ஐயும் இயல்பாக எடுத்துக்கொள்வதால், இரு முனைகளிலும் 6653 என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டோம். இந்த ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ் எக்ஸ்ஆரில் எழுதிய அமைப்பு கமிட் செய்த பிறகே நடைமுறைக்கு வரும் என்பது இங்கே பெரிய வசதி. குறித்த நிமிடங்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும் கமிட் வகையைத்தான் எல்லாப் படிகளிலும் பயன்படுத்தினோம்.

முதலில் 129. இரண்டு துணை இன்டர்ஃபேஸ்கள் கொண்ட ஒரு பிரிட்ஜ் டொமைனை ஸ்விட்சோடு இணைத்து, கன்ட்ரோலரின் முகவரியைக் கொடுத்தோம். இணைப்பு ஏற்பட்டதும் இரு தரப்பும் ஹலோ செய்தியில் தங்கள் பதிப்பைச் சொல்லிக்கொள்கின்றன. பிறகு கன்ட்ரோலர் அம்சங்களைக் கேட்கிறது. ரவுட்டர் தன் 64 பிட் அடையாள எண்ணோடு பதிலளிக்கிறது. அந்த அடையாள எண்ணைக் குறித்துவைத்து, கன்ட்ரோலர் நிரலில் அந்த எண்ணுக்கு மட்டுமே ஃப்ளோ அனுப்பும்படி கட்டுப்படுத்துவது நல்லது. ஒரே கன்ட்ரோலரோடு பல ரவுட்டர்கள் இணையும் நாளில் இதன் அருமை தெரியும்.

இந்த முறையில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது, எந்த ஃப்ளோவோடும் பொருந்தாத பாக்கெட்டுக்கு என்ன ஆகும் என்பதில்தான். 1.0 பதிப்பில் அத்தகைய பாக்கெட் கன்ட்ரோலருக்குச் செல்வதே இயல்பு. 1.3-இலோ, பொருந்தாத பாக்கெட்டுகளுக்கென்று முன்னுரிமை 0 கொண்ட, எல்லாப் புலங்களும் திறந்த ஒரு தனி ஃப்ளோ எழுதப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் பாக்கெட் கைவிடப்படுவதே தரத்தின் இயல்பு. எழுதுவது என்று முடிவான பின், பாக்கெட்டைக் கைவிடலாம், கன்ட்ரோலருக்கு அனுப்பலாம், அல்லது நார்மல் என்ற ஒதுக்கீட்டுப் போர்ட் வழியாக வழக்கமான ஸ்விட்சிங்கிடம் கொடுத்துவிடலாம். ஒரு சோதனையாக, ஐபிவி4 பாக்கெட்டுகளை மட்டும் இரு திசையிலும் அனுமதிக்கும் ஃப்ளோக்களை எழுதி, மற்ற அனைத்தையும் கைவிடும் ஃப்ளோவை அடியில் வைத்தோம். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு யுடிபி டிராஃபிக்கை ஓடவிட்டபோது தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் டிராஃபிக் நின்றுபோனது.

காரணம் ஏஆர்பி, அதாவது ஓர் ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை. அதன் ஈதர்நெட் வகை எண் 0806. ஐபிவி4-இன் எண் 0800. நாங்கள் அனுமதித்தது 0800-ஐ மட்டும். ஃப்ளோக்களை எழுதிய நேரத்தில் இரு கணினிகளும் ஒன்றன் மேக் முகவரியை மற்றொன்று ஏற்கெனவே அறிந்திருந்ததால் டிராஃபிக் ஓடியது. லினக்ஸில் அண்டை முகவரிப் பதிவு ஒன்று இயல்பாக 15 முதல் 45 நொடிகளுக்குள் பழையதாகக் கருதப்படும்; அதன் பின் பாக்கெட் அனுப்பும்போது, சிறிது நேரம் காத்திருந்து, முகவரி இன்னும் செல்லுபடியாகிறதா என்று ஏஆர்பி வழியாகக் கேட்கும்; பதில் வராவிட்டால் பதிவு தோல்வியடைந்ததாக முடிவுகட்டும். டிசிபியில் எதிர்முனையிலிருந்து வரும் ஒப்புகைகளே முகவரி உயிரோடு இருப்பதற்குச் சான்றாகிவிடுவதால் இந்தக் குறை இன்னும் தாமதமாகத்தான் வெளிப்படும். அமைப்பைக் கமிட் செய்து, பிங் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். இரண்டாம் அடுக்கில் இயங்கும் எந்தச் சோதனையையும் சில நிமிடங்களாவது தொடர்ந்து ஓடவிட்டே முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் இரு முனைகளிலும் ஏஆர்பி பதிவுகளை அழித்துவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது. பொருந்தாத பாக்கெட்டுகளை நார்மலுக்கு அனுப்பும் ஃப்ளோவை வைத்ததும் எல்லாம் நேரானது. வழங்குநர் ரவுட்டரில் அடியில் இருக்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து. கன்ட்ரோலருக்கு அனுப்பும் தேர்வு, பொருந்தாத டிராஃபிக் பெருகும் நேரத்தில் ரவுட்டரின் கட்டுப்பாட்டுச் செயலியையும் கன்ட்ரோலரையும் ஒரே சமயத்தில் திணறவைக்கும். அந்த நேரம் பெரும்பாலும் தாக்குதல் நடக்கும் நேரமாகவே இருக்கும்.

130-ஐ ஒரு முறை எழுப்பி, மேக் முகவரியையும் ஐபிவி4 முகவரியையும் ஒரே ஃப்ளோவில் பொருத்த முடிகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு கடந்துவிட்டோம். எங்கள் தேவைக்கு அது பொருந்தவில்லை. இயக்க முறையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் தர்க்க ஸ்விட்சை நீக்கிவிட்டுப் புதிய பைப்லைன் எண்ணோடு மீண்டும் உருவாக்கினோம். பழைய ஃப்ளோக்கள் அதோடு போய்விடும் என்பதால், நேரடிச் சேவையில் உள்ள வலையமைப்பில் இது பராமரிப்பு நேரத்தில் மட்டுமே செய்யத்தக்க வேலை.

அடுத்து 131. தாக்குதல் டிராஃபிக் நுழையும் இன்டர்ஃபேஸ்களை ஒரு விஆர்எஃப்பில் வைத்து, அந்த விஆர்எஃப்பை ஸ்விட்சோடு இணைத்தோம். தாக்குதலுக்கு உள்ளாகும் முகவரியாக ஆவணப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 203.0.113.10-ஐ எடுத்துக்கொண்டோம். முதல் வேலையாக, தவறான ஃப்ளோக்களை வேண்டுமென்றே அனுப்பி ரவுட்டர் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தோம். ஓபன்ஃப்ளோ 1.3-இல் ஐபி முகவரியைப் பொருத்த வேண்டுமானால், ஈதர்நெட் வகை 0800 என்பதையும் அதே ஃப்ளோவில் சொல்லியாக வேண்டும். யுடிபி போர்ட்டைப் பொருத்த, ஐபி நெறிமுறை எண் 17 என்பதையும் சேர்க்க வேண்டும். இந்த முன்நிபந்தனை விடுபட்டால் பிழை வகை 4, குறியீடு 9 என்று பதில் வரும். ஃப்ளோ ஏற்கப்பட்டதற்கு மட்டும் பதிலே கிடையாது. தோல்விக்கு மட்டுமே பதில் உண்டு என்பதைக் கன்ட்ரோலர் நிரல் எழுதுபவர்கள் மறந்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு தொகுதி ஃப்ளோவுக்கும் பின்னால், முன்பு அனுப்பியவை அனைத்தும் கையாளப்பட்ட பிறகே பதில் தரப்படும் பேரியர் செய்தி ஒன்றை அனுப்பி, அதற்கான பதில் வந்த பிறகே அடுத்த படிக்குப் போனோம். அப்போதும், ரவுட்டரில் ஃப்ளோக்களைக் காட்டும் கட்டளையில் பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்த பின்புதான் ஃப்ளோ வேலை செய்கிறது என்று பதிவுசெய்தோம்.

திருப்பிவிடும் செயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓபன்ஃப்ளோ தரத்தில் ஒரு பாக்கெட்டை எந்தப் போர்ட்டில் வெளியே அனுப்புவது என்று சொல்லலாம். இந்த ஐபி முகவரி கொண்ட அடுத்த ரவுட்டருக்கு அனுப்பு என்று சொல்ல வழி இல்லை. ரவுட்டரைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் தேவை, ஏனெனில் அடுத்த ரவுட்டருக்கான பாதையைத் தேடிப்பிடிப்பது அதன் அன்றாட வேலை. சிஸ்கோ இதைத் தனி நீட்சியாகச் சேர்த்திருக்கிறது. நீட்சி என்பதால் எல்லாக் கன்ட்ரோலர்களும் அதை அறிந்திருக்காது. ரியூவில் அதற்கான பைட்டுகளை நாங்களே அடுக்கி அனுப்ப வேண்டியிருந்தது. கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்வது பின்னால் பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

திறந்த டிஎன்எஸ் சர்வர்களைப் பயன்படுத்திப் பெருக்கப்படும் தாக்குதலைப் போலச் செய்வதற்காக, மூலப் போர்ட் 53 கொண்ட யுடிபி பாக்கெட்டுகளை அனுப்பினோம். அந்த முகவரிக்குச் செல்லும், மூலப் போர்ட் 53 கொண்ட யுடிபி டிராஃபிக்கை வடிகட்டும் கணினிக்குத் திருப்பு என்பதே ஃப்ளோ. சிறிய பாக்கெட்டுகளுடன் அனுப்பியபோது அனைத்தும் திரும்பின. பிறகு ஒவ்வொரு செய்தியையும் 4,000 பைட்டுகளாக்கினோம், ஏனெனில் இத்தகைய தாக்குதலில் வரும் பதில்கள் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கக்கூடும். இப்போது ஃப்ளோவின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காட்டியது. மீதி இரண்டு பங்கும் நேராகத் தாக்கப்படும் கணினிக்கே போய்ச் சேர்ந்தது. 1,500 பைட் எல்லை கொண்ட இணைப்பில் 4,000 பைட் செய்தி மூன்று துண்டுகளாகப் பிரியும். யுடிபி தலைப்பு முதல் துண்டில் மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டு துண்டுகளிலும் போர்ட் எண்ணே கிடையாது என்பதால் அவை ஃப்ளோவோடு பொருந்துவதில்லை. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் வசதிக்குத் தரத்தில் இடம் இருந்தாலும், வேகமான ரவுட்டர் வன்பொருளிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. எனவே போர்ட் எண்ணை விட்டுவிட்டு, அந்த ஒரு முகவரிக்கான யுடிபி முழுவதையும் திருப்பும்படி ஃப்ளோவை மாற்றினோம்; எது நல்லது எது கெட்டது என்று பிரிப்பது வடிகட்டும் சாதனத்தின் வேலை. ரவுட்டரில் நுணுக்கமாகப் பொருத்தும் ஃப்ளோ எழுதுவதில் ஒரு கவர்ச்சி உண்டு. அந்த நுணுக்கத்தின் இடுக்கு வழியாகத்தான் தாக்குதலின் பெரும்பகுதி நுழைந்துவிடுகிறது.

வடிகட்டிய டிராஃபிக் திரும்பி வரும் வழியும் அதே அளவு கவனத்தைக் கேட்கிறது. வடிகட்டும் சாதனம் சுத்தமான பாக்கெட்டை ரவுட்டரின் அதே விஆர்எஃப்புக்குள் திருப்பிக் கொடுத்தால், சேருமிட முகவரி மாறாததால் அதே ஃப்ளோ மீண்டும் பொருந்தி, பாக்கெட்டை மறுபடியும் வடிகட்டும் சாதனத்துக்கே அனுப்பும். ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் அதன் ஆயுள் எண் (டிடிஎல்) தீரும்வரை இந்தச் சுற்று தொடரும். இணைப்பின் கொள்ளளவு வீணாக நிரம்பும். இதைத் தவிர்க்க, உள்ளே வரும் போர்ட்டையும் ஃப்ளோவில் சேர்த்துப் பொருத்தலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது வேறு: திரும்பி வரும் இன்டர்ஃபேஸை ஓபன்ஃப்ளோ ஸ்விட்சோடு இணைக்கப்படாத தனி விஆர்எஃப்பில் வைத்தோம். பின்னாளில் யாரோ ஒருவர் போர்ட்டைக் குறிப்பிடாமல் ஒரு ஃப்ளோவை எழுதினாலும் சுற்று உருவாக இதில் வாய்ப்பே இல்லை.

இனிக் கன்ட்ரோலர் இல்லாமல் போகும் நிலை. தரம் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்றில், இருக்கும் ஃப்ளோக்கள் அப்படியே தொடரும். கன்ட்ரோலருக்கென்று போகும் பாக்கெட்டுகள் மட்டும் கைவிடப்படும். மற்றொன்றில், ஸ்விட்ச் வழக்கமான இயக்கத்துக்குத் திரும்பி, எல்லாப் பாக்கெட்டுகளையும் நார்மல் வழியாகக் கையாளும். கலப்பு ஸ்விட்சில்தான் இது சாத்தியம். பெயரளவில் எந்த வழி என்பதை ஆவணத்தில் படித்தால் போதாது, கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர் நிரலை நிறுத்துவதும் கேபிளைக் கழற்றுவதும் ஒன்றல்ல. நிரல் நின்றால் அதன் இயங்குதளம் டிசிபி இணைப்பை முறையாக மூடிவிடும். ரவுட்டர் உடனே அறிந்துகொள்ளும். கேபிள் போனால் எதிர்முனையிலிருந்து எந்தச் செய்தியும் வராது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் எக்கோ செய்திகளுக்குப் பதில் இல்லை என்பதிலிருந்துதான் ரவுட்டர் இழப்பை உணர முடியும். எத்தனை எக்கோ தவறினால் இணைப்பு போனதாகக் கொள்வது என்று தரம் எண் எதையும் விதிக்கவில்லை. நாங்கள் எக்கோ இடைவெளியை 5 நொடிகளாக வைத்தோம்.

கேபிள் கழன்ற நிலையிலும் ஃப்ளோக்கள் நின்றன. திருப்பும் வேலையும் தொடர்ந்தது. ஆனால் காலக்கெடு உள்ள ஃப்ளோக்களின் கடிகாரம் கன்ட்ரோலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 300 நொடி கட்டாயக் காலக்கெடு வைத்த ஃப்ளோ சரியாக அந்த நேரத்தில் மறைந்தது. டிராஃபிக் ரவுட்டிங் அட்டவணை காட்டும் வழக்கமான பாதைக்குத் திரும்பியது. காலக்கெடு 0 என்று வைத்த ஃப்ளோ அப்படியே இருந்தது. எதை வைப்பது? தாக்குதல் முடிந்த பிறகும் கன்ட்ரோலர் திரும்பாவிட்டால், நல்ல டிராஃபிக் முழுவதும் வடிகட்டும் சாதனத்தின் வழியாகவே போய்க்கொண்டிருக்கும்; அது சிரமமே தவிர, சேவை நின்றுபோவதில்லை. தாக்குதலின் நடுவே ஃப்ளோ மறைந்தால் வாடிக்கையாளர் வீழ்வார். ஆகவே திருப்பும் ஃப்ளோக்களுக்குக் காலக்கெடு வேண்டாம் என்றும், பாக்கெட்டைக் கைவிடும் ஃப்ளோக்களுக்குக் காலக்கெடு கட்டாயம் என்றும் விதி வைத்தோம்.

இந்த விதிக்கு ஒரு துணை விதியும் தேவைப்பட்டது. கன்ட்ரோலர் மீண்டும் இணையும்போது ரவுட்டரில் பழைய ஃப்ளோக்கள் இருக்கும், கன்ட்ரோலரின் நினைவிலோ எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தரம் இடமளிக்கிறது. ஆனால் அழிப்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் தாக்குதல் நேராக நுழையும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் 64 பிட் குக்கி எண்ணில் வாடிக்கையாளரையும் சம்பவத்தையும் குறிக்கும் எண்களைப் பதித்தோம். கன்ட்ரோலர் இணைந்ததும் ரவுட்டரிடம் ஃப்ளோ பட்டியலைக் கேட்டு, குக்கியைக் கொண்டு தன் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அதிகமாக இருப்பதை மட்டும் நீக்கி, குறைவதை மட்டும் சேர்க்கிறது. மறுபக்கம், ரவுட்டரே மறுதொடக்கமானால் ஃப்ளோக்கள் எதுவும் மிஞ்சாது, ஏனெனில் அவை அமைப்புக் கோப்பில் எழுதப்படுவதில்லை. அந்த நிலையிலும் இதே ஒப்பீட்டு நிரல் அனைத்தையும் மீட்டெழுதுகிறது.

இதே திருப்பும் வேலையை பிஜிபி ஃப்ளோஸ்பெக் (இத்தகைய விதிகளை பிஜிபி வழியாகவே ரவுட்டர்களுக்குப் பரப்பும் முறை) வழியாகவும் செய்யலாம். 2009 முதல் அதற்கான தரம் உண்டு, தற்போது நடப்பில் உள்ள ஆவணம் 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8955. பல ரவுட்டர்களுக்கு ஒரே விதியைப் பரப்புவது மட்டுமே தேவையென்றால் ஃப்ளோஸ்பெக்கையே பரிந்துரைப்பேன். தனிக் கன்ட்ரோலரைப் பேணும் சுமை அதில் இல்லை. ஓபன்ஃப்ளோவிலோ ஒவ்வொரு ஃப்ளோவின் பாக்கெட் எண்ணிக்கையையும் அதே இணைப்பில் கேட்டுப் பெறலாம், ஏற்கப்படாத விதிக்குப் பிழைச் செய்தி உடனே வருகிறது என்ற இரண்டும்தான் எங்களை அதன் பக்கம் வைத்திருந்தன.

இறுதியில் 132-ஐத் தேர்ந்தெடுத்தோம். 131-இல் ஐபிவி6 ஃப்ளோவை அனுப்பியபோது அது பிழையோடு திரும்பியது, 132-இல் ஏற்கப்பட்டது. தாக்கப்படும் வாடிக்கையாளருக்கு இரு வகை முகவரிகளும் இருக்கும்போது, ஒன்றை மட்டும் பாதுகாப்பது பாதுகாப்பாகாது. டிகேம் செலவை ஈடுகட்ட, ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய ஃப்ளோக்களின் எண்ணிக்கைக்குக் கன்ட்ரோலரிலேயே உச்சவரம்பு வைத்தோம். அட்டவணை நிரம்பிவிட்டது என்ற பிழை ரவுட்டரிலிருந்து வரும்வரை காத்திருப்பது, தாக்குதலின் உச்சத்தில் அந்தப் பிழையைச் சந்திப்பதில் முடியும். ஆய்வகத்தில் குறியாக்கம் இல்லாமல் விட்டிருந்த கன்ட்ரோலர் இணைப்பை, நேரடிச் சேவையில் இயங்கப்போகும் ரவுட்டருக்கான அமைப்பில் இருபக்கச் சான்றிதழ் சரிபார்ப்புள்ள டிஎல்எஸ்ஸாக மாற்றியிருக்கிறோம். அந்த ஒரு டிசிபி இணைப்பைக் கைப்பற்றுபவர் வாடிக்கையாளரின் டிராஃபிக்கை விரும்பிய இடத்துக்குத் திருப்ப முடியும் என்பதால், சான்றிதழ்களின் காலாவதி நாளையும் கண்காணிப்பு அமைப்பில் சேர்த்த பிறகே அமைப்புக் கோப்பை இயக்கக் குழுவிடம் கொடுத்தோம்.